பார்க்கிங் ஒரு மூலை, மீட்டர் இன்னொரு மூலை: எலெக்ட்ரிக் காரை வீட்டில் சார்ஜ் போடுவது எப்படி?

மடிப்பாக்கம்வாசி

வணக்கம். போன மாசம் டியாகோ இவி எடுத்தேன். 24 கிலோவாட் அவர் பேட்டரி, 3.3 கிலோவாட் சார்ஜர் உள்ள மாடல். காரில் ஒரு குறையும் இல்லை. அதை நிறுத்துற இடம்தான் பிரச்சினை.

எங்க அபார்ட்மென்ட்டில் 16 வீடு. மீட்டர் எல்லாம் முன்பக்கம் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில் இருக்கு. என் ஸ்லாட் பின்பக்க காம்பவுண்டு ஓரம், செப்டிக் டேங்க் மூடிக்குப் பக்கத்தில். நேர்கோட்டில் 38 மீட்டர்தான். நடுவில் லிஃப்ட், சம்ப், ரெண்டு வீட்டு பெட்ரூம் ஜன்னல் எல்லாம் வருது. அதைச் சுத்தி பீம் ஓரமா வயர் போனா 62 மீட்டர். நானும் வாட்ச்மேனும் சணல் பிடிச்சு அளந்தோம்.

ஷோரூமில் வண்டி விற்கும்போது "வீட்டுக்கே வந்து சார்ஜிங் பாயின்ட் போட்டுத் தருவோம்"னாங்க. வந்த பையன் ஸ்லாட்டைப் பார்த்தான், மீட்டர் அறையைப் பார்த்தான், "சார், இது எங்க பேக்கேஜில் வராது"ன்னு கிளம்பிட்டான்.

இப்போதைக்கு 2வது மாடி பால்கனியில் இருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொங்கவிட்டு ராத்திரி சார்ஜ் போடறேன். நாலு நாள் ஆச்சு. நேத்து காலையில் கழட்டும்போது லேசா பிளாஸ்டிக் வாடை. பிளக்கில் ஒரு பின் காபிப் பொடி நிறத்துக்கு வந்திருக்கு. எந்த அளவு வயர் போடணும்? காமன் லைனில் இருந்து எடுக்கலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பழைய_காண்ட்ராக்டர்

தம்பி, மத்ததெல்லாம் அப்புறம். அந்த பால்கனி வயரை இப்பவே கழட்டுங்க.

கடையில் கிடைக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பெரும்பாலும் 1 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் கனம்) வயர்தான் இருக்கும். மிக்சிக்கும் டிரில்லுக்கும் அது தாங்கும். மிக்சி அஞ்சு நிமிஷம் ஓடும், கார் ஒன்பது மணி நேரம் நிறுத்தாம இழுக்கும். 30 மீட்டர் வயரில் 12 ஆம்ப் போனா 160 வாட்டுக்கு மேல வயரிலேயே சூடா வீணாகுது. ரெண்டு குண்டு பல்பு எரியற சூடு அது. மிச்ச வயரைச் சுருட்டி வச்சிருந்தீங்கன்னா அந்தச் சூடு வெளியே போகவும் வழியில்லை. பின் கருத்தது வேற கதை. சாக்கெட்டுக்குள்ள இருக்கிற பித்தளைத் தகடு தளர்ந்து, பிடிப்பு இல்லாம, அந்த ஒரு புள்ளியில் சூடாகுது. கார் கூடக் குடுத்த புக்கைப் பாருங்க, எக்ஸ்டென்ஷன் போடாதேன்னு கண்டிப்பா இருக்கும்.

உங்க வீடு சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா? ஏசி எத்தனை?

---

வேகப்பிரியன்

ப்ரோ பேசாம சுவரில் மாட்டற 7.2 கிலோவாட் சார்ஜர், வால் பாக்ஸ், போட்டுடுங்க. ஒரே வேலையா முடிஞ்சிடும்.

---

மடிப்பாக்கம்வாசி

கழட்டிட்டேன் சார். சிங்கிள் பேஸ், ரெண்டு ஏசி, ஒரு கீசர்.

வேகப்பிரியன், என் வண்டி 3.3க்கு மேல எடுக்காது. 7.2 பாக்ஸ் போட்டாலும் அதே வேகம்தான் வரும்.

---

பெட்ரோல்_போதும்

இதுக்குத்தான் சொல்றது. பங்க்கில் அஞ்சு நிமிஷம். சணலும் வேண்டாம், செப்டிக் டேங்க்கும் வேண்டாம்.

---

பழைய_காண்ட்ராக்டர்

62 மீட்டருக்குக் கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்க வண்டியோட கொடுத்த 15 ஆம்ப் கேபிள் சுமாரா 10, 12 ஆம்ப் எடுக்கும். 12ன்னே வச்சுக்குவோம். போக வர ரெண்டு கம்பியையும் சேர்த்தா 124 மீட்டர் செம்பு.

2.5 ஸ்கொயர் போட்டா வழியிலேயே 11 வோல்ட் விழும், அதாவது குறையும். 4 ஸ்கொயரில் 7 வோல்ட். 6 ஸ்கொயரில் நாலரை வோல்ட். 230இல் 11 போனா என்னன்னு கேட்பீங்க. மே மாசம் ராத்திரி தெருவில் எல்லா ஏசியும் ஓடும்போது உங்க மீட்டர்லேயே 205தான் வரும். அதில் 11 போனா கார் சில சமயம் சார்ஜை நிறுத்திடும். அதனால் இந்தத் தூரத்துக்கு 2.5 வேண்டாம். 4 போதும். நாளைக்கு பெரிய வண்டி வாங்குவோம்னா 6 போடுங்க.

7.2 கிலோவாட் ஆசைப்படறவங்களுக்கு: 32 ஆம்ப் போகும்போது இதே 6 ஸ்கொயரில் 12 வோல்ட் விழும். கிட்டத்தட்ட 400 வாட் உங்க சுவரைச் சூடாக்கப் போகும். அதுக்கு 10 ஸ்கொயர் வேணும். செலவு எங்கயோ போயிடும்.

பணத்தை மிச்சம் பண்ண அலுமினியம் கேபிள் போடலாம்னு யாராவது சொல்வாங்க. தப்பில்லை. 10 ஸ்கொயர் அலுமினியமும் 6 ஸ்கொயர் செம்பும் மின்தடையில் ஒண்ணுதான். ஆனா அலுமினிய முனைக்குச் சரியான லக் (உலோக முனை) போட்டு, கருவியால் நசுக்கி கிரிம்ப் பண்ணணும். நம்ம ஊரில் பாதிப் பேர் முறுக்கி உள்ள தள்ளி ஸ்க்ரூ போடறான். ரெண்டு வருஷத்தில் தளர்ந்து கருகும். ஆள் நம்பிக்கையானவரா இல்லைன்னா செம்பிலேயே இருங்க.

---

ஓஎம்ஆர்_அக்கா

வயர் அளவெல்லாம் சார் சொன்னா சரி. எங்க பில்டிங்கில் வயர் வாங்கறதுக்கு முன்னாடியே ஆறு மாசம் போச்சு. காரணம் அசோசியேஷன்.

முதல் மீட்டிங்கில் செக்ரட்டரி "பேட்டரி வண்டி வெடிக்குது மேடம், நியூஸ் பார்க்கலையா?"ன்னார். ரெண்டாவது மீட்டிங்கில் "இன்ஷூரன்ஸ் என்ன ஆகும்?" மூணாவதில்தான் நிஜமான பயம் வெளியே வந்தது. "நீங்க ஒருத்தர் கேபிள் இழுத்தா நாளைக்கு இருபது பேர் இழுப்பாங்க. பீமெல்லாம் தோரணம் கட்டின மாதிரி ஆயிடும்." நியாயமான பயம்தான் அது. அதுக்குப் பதில் கொண்டு போனதும் மத்த கேள்வியெல்லாம் தானா அடங்கிப் போச்சு.

நாங்க செஞ்சது: பீம் ஓரமா ஒரே ஒரு கேபிள் ட்ரே. முதல் செலவு என்னுது. பின்னாடி வர்றவங்க அதிலேயே கேபிள் போட்டுட்டு எனக்குப் பங்கு தரணும். மினிட்ஸில் எழுதிக் கையெழுத்து வாங்கிட்டோம். இப்ப அதில் மூணு கேபிள் ஓடுது.

இன்னொண்ணு. மத்திய மின்துறை 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, வீட்டில் இருக்கிற கனெக்ஷனில் இருந்தே வண்டியைச் சார்ஜ் பண்ணிக்கலாம்னு இருக்கு. அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க. சண்டைக்கு வேண்டாம். "ஈபி ஆபீஸில் கேஸ் போடுவான்"னு ஒருத்தர் கிளப்புவார், அவருக்கு மட்டும் காட்டுங்க.

---

கணக்குப்பிள்ளை

காமன் மீட்டரா, சொந்த மீட்டராங்கற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை.

தினம் 40 கிலோமீட்டர்னா ரெண்டு மாசத்துக்கு 2400 கிலோமீட்டர். சார்ஜ் ஆகும்போது வீணாறதையும் சேர்த்தா யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர், அதாவது 370 யூனிட். வீட்டுச் செலவு 380ன்னு வச்சா மொத்தம் 750. நம்ம தமிழ்நாட்டு பில்லில், 2024 ஜூலை விலைப்படி, 500ஐத் தாண்டினா 200 யூனிட் வரைக்குமான மலிவு விலை பறிபோகும். 600க்கு மேல யூனிட் 9 ரூபாயைத் தாண்டும். நான் போட்டுப் பார்த்ததில் 1100 சொச்சம் கட்டினவர் 4400 பக்கம் கட்டுவார். கார் சாப்பிடற ஒவ்வொரு யூனிட்டும் 9 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே வருது.

காமன் மீட்டருக்கு ஸ்லாபும் கிடையாது, 100 யூனிட் இலவசமும் கிடையாது. ஒரே விலை. 2022இல் 8 ரூபாய்னு ஆரம்பிச்சது, அதுக்கப்புறம் கொஞ்சம் ஏறியிருக்கு. லிஃப்ட் இல்லாத, பத்து வீட்டுக்கு மேல போகாத சின்னக் கட்டடத்துக்கு மட்டும் 2023 அக்டோபரில் அஞ்சரை ரூபாய்னு குறைச்சாங்க. உங்களுக்கு லிஃப்ட் இருக்கு, வீடு 16. அது கிடைக்காது.

ரெண்டுக்கும் வித்தியாசம் ரொம்ப இல்லைங்கறதுதான் ஆச்சரியம். வெயில் காலத்தில் ஏசி போட்டு வீட்டு யூனிட்டே 700 போற குடும்பத்துக்கு, சப்மீட்டர் வச்சு காமனில் எடுக்கறது லாபமாக்கூட இருக்கலாம். ஆனா சப்மீட்டர் ரீடிங் யார் எடுப்பான்னு ஒரு சண்டை வரும், அதுக்கு நான் பொறுப்பில்லை.

பெட்ரோல்_போதும் ஐயாவுக்கு: அதே 2400 கிலோமீட்டருக்கு லிட்டருக்கு 15 குடுக்கிற வண்டின்னா 160 லிட்டர். 16 ஆயிரம் ரூபாய். சணல் விலை தனி.

---

மடிப்பாக்கம்வாசி

அக்கா, கணக்குப்பிள்ளை, ரொம்ப நன்றி. சொந்த மீட்டரில் இருந்தே எடுக்கலாம்னு நினைக்கிறேன்.

ஒரு சந்தேகம். பால்கனியில் இருந்து ஒழுங்கான கேபிளைப் பைப்புக்குள்ள விட்டுக் கீழே இறக்கினா 15 மீட்டர்தானே? எதுக்கு 62?

---

பழைய_காண்ட்ராக்டர்

நல்ல கேள்வி. மீட்டர் அறையில் இருந்து உங்க வீட்டுக்கு ஏறி வர்ற மெயின் வயர் என்ன அளவுன்னு பாருங்க. பில்டர் போட்டது 4 ஸ்கொயரா இருந்தா, அதில் ஏற்கெனவே ரெண்டு ஏசியும் கீசரும் தொங்குது. காரையும் அதிலேயே போட்டா மேல ஏறி மறுபடி கீழே இறங்குது கரண்ட். சுமையெல்லாம் அந்த ஒரு வயர் தலையில். த்ரீ பேஸா இருந்தா தாராளமா செய்யலாம்னு சொல்லியிருப்பேன்.

---

மடிப்பாக்கம்வாசி

பார்த்தேன். 4தான். போதாக்குறைக்கு போன வருஷம்தான் பெயின்ட் அடிச்சாங்க, வெளிச் சுவரில் பைப் போடவே கூடாதாம். அந்தக் கதை முடிஞ்சது.

---

பனிமூட்டம்

கனடா ஸ்காபரோவில இருந்து எழுதுறன். எங்கட கொண்டோ அபார்ட்மென்டிலயும் இதே கூத்துத்தான். ஒன்டாரியோவில 2018 மே மாதம் சட்டத்தைத் திருத்தினவை. எழுத்தில விண்ணப்பம் குடுத்தா கொண்டோ போர்ட் 60 நாளுக்குள்ள பதில் சொல்லவேணும், சும்மா மறுக்கேலாது. அது வந்தாப் பிறகுதான் எங்களுக்கு விடிஞ்சது.

உங்களுக்கு ஒரு விசயத்தில அதிட்டம். 230 வோல்ட். இங்க சாதாரண பிளக்கில 120தான். அதே வலுவை எடுக்க ரெண்டு மடங்கு கரண்ட் போகவேணும், அதே வயரில இழப்பு நாலு மடங்கு. 12 ஆம்ப் போட்டா ஒன்றரைக் கிலோவாட்கூட வராது. மாசி மாசக் குளிரில அதில பாதி பட்டரியைச் சூடாக்கவே போயிடும். இரவு முழுக்கப் போட்டாலும் விடியேக்க ஏதோ கொஞ்சம் ஏறியிருக்கும். ஆனா ஒரு வருசம் அப்பிடியேதான் ஓட்டினன். வேலைக்குப் போய்வர 30 கிலோமீட்டர்தான். ஒவ்வொரு நாளும் முழுசா நிரப்பவேணும் எண்டுறது பெற்றோல் காலத்துப் பழக்கம்.

---

மடிப்பாக்கம்வாசி

நீங்க சொன்னதுக்கு அப்புறம் ஒரு வாரம் குறிச்சு வச்சுப் பார்த்தேன். அதிகபட்சம் ஒரு நாளைக்கு 46 கிலோமீட்டர். மூணு, மூணரை மணி நேரச் சார்ஜ். நான் ஒன்பது மணி நேரம் ஒன்பது மணி நேரம்னு பயந்துட்டு இருந்தேன்.

இப்ப புதுப் பிரச்சினை. வாட்ச்மேன் அறையில் ஒரு 15 ஆம்ப் பாயின்ட் இருக்கு. செக்ரட்டரியே "ரெண்டு நாள் போட்டுக்கோங்க"ன்னு பெருந்தன்மையா விட்டார். கார் கேபிள்ல இருக்கிற பெட்டியில் சிவப்பு விளக்கு. சார்ஜே ஏறலை. அதே சாக்கெட்டில் அயர்ன் பாக்ஸ் நல்லா வேலை செய்யுது.

---

பழைய_காண்ட்ராக்டர்

அயர்ன் பாக்ஸ் எர்த் இல்லாட்டியும் சூடாகும். கார் அப்படி இல்லை. சார்ஜை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எர்த் இருக்கான்னு அந்தப் பெட்டி பார்க்கும். இல்லைன்னா முடியாதுன்னு சொல்லிடும். சிவப்பு விளக்கு வண்டியோட குறையில்லை, உங்க பில்டிங்கோட குறை.

மல்டிமீட்டர் இருக்கிற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் எவ்வளவு வோல்ட்னு பார்க்கச் சொல்லுங்க. ஒண்ணு ரெண்டு வோல்ட் இருந்தா சரி. பத்து, இருபதுன்னு காட்டினா எர்த் செத்துப் போச்சுன்னு அர்த்தம்.

தயவுசெஞ்சு ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. சில பேர் சாக்கெட்டுக்குள்ள நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துக் குடுத்துட்டு "இப்பப் பாருங்க சார், பச்சை எரியுது"ன்னு காசு வாங்கிட்டுப் போவான். நானே அப்படிப் போட்ட ரெண்டு இடத்தைக் கழட்டியிருக்கேன். என்னிக்காவது நியூட்ரல் விட்டுப் போச்சுன்னா காரோட பாடி முழுக்க 230 வோல்ட் நிக்கும். மழையில் நனைஞ்ச கையோட கதவைத் தொட்டா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

---

மடிப்பாக்கம்வாசி

34 வோல்ட்!

எர்த் கம்பி மண்ணுக்குள்ள இறங்கற குழியை, எர்த் பிட்டை, தேடினோம். ஒருத்தருக்கும் எங்க இருக்குன்னு தெரியலை. கடைசியில் தோட்டத்தில் செம்பருத்திச் செடிக்கு அடியில் கண்டுபிடிச்சோம். மேல இருந்த சிமென்ட் மூடியை டைல்ஸ் போட்டவன் மண்ணைத் தள்ளி மூடியிருக்கான். ஜிஐ பைப்பில் கட்டியிருந்த பட்டை துருப்பிடிச்சு, கையில் பிடிச்சதும் பொடிப்பொடியா உதிர்ந்தது. அப்படின்னா பத்து வருஷமா 16 வீட்டு கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் ஒழுங்கான எர்த்தே இல்லை.

அந்தப் பட்டையைச் செக்ரட்டரி கையில் வச்சேன். ஒண்ணும் பேசலை. அடுத்த ஞாயித்துக்கிழமை மீட்டிங் போட்டுட்டார்.

---

ஓஎம்ஆர்_அக்கா

ஹாஹா, நான் மூணு மீட்டிங்கில் சாதிக்காததை ஒரு துருப்பிடிச்ச பட்டை சாதிச்சிடுச்சு.

---

ஏரிக்கரை

வேளச்சேரியில் இருந்து ஒரு வேண்டுகோள். சாக்கெட்டை இடுப்பு உயரத்தில் வைக்காதீங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்க ஸ்டில்ட்டில் (கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவில் இருக்கிற பார்க்கிங்) நெஞ்சு வரைக்கும் தண்ணி. மூணு நாள் வடியலை. மடிப்பாக்கமும் தப்பலையே. சாக்கெட் குறைஞ்சது அஞ்சரை அடி உயரத்தில் இருக்கணும், கேபிள் மேல இருந்து இறங்கணும். எம்சிபி (லோடு அதிகமானா தானா அணையற சுவிட்ச்) மீட்டர் அறையிலேயே இருக்கட்டும். தண்ணி வர ஆரம்பிச்சா கீழே இறங்காம அணைக்க முடியுமான்னும் யோசிங்க.

---

பழைய_காண்ட்ராக்டர்

ஏரிக்கரை சொன்னதை அப்படியே எடுத்துக்குங்க. கூடவே மீட்டர் முனையில் 20 ஆம்ப் ஆர்சிபிஓ, 30 மில்லிஆம்ப், டைப் ஏ. கரண்ட் கசிஞ்சாலும் லோடு அதிகமானாலும் தானா அணையற சுவிட்ச் அது. பழைய வீட்டு டிரிப்பரோட சேர்த்துக் கட்டாதீங்க, காருக்குத் தனியா. சாக்கெட் அலங்கார சுவிட்ச் போர்டு வகை வேண்டாம், மழைக்கு மூடி உள்ள கனமான வகை. மெயின் சுவிட்சுக்கு அப்புறம்தான் பிரிக்கணும். மீட்டருக்கு முன்னாடி கை வச்சா அது திருட்டுக் கணக்கு. சாங்ஷன் லோடு, அதாவது உங்க கனெக்ஷனுக்கு ஈபி அனுமதிச்ச அளவு, பத்தலைன்னா ஈபியில் எழுதிக் கொடுத்து ஏத்திக்குங்க.

---

பெட்ரோல்_போதும்

சும்மா கிண்டல் பண்ணேன், கோவிச்சுக்காதீங்க. ஒரு யோசனை. ஸ்லாட்டை மாத்திக்கச் சொல்லி யாரையாவது கேட்டீங்களா? எல்லாரும் வயரை நீட்டறதைப் பத்தியே பேசறீங்க. காரை மீட்டர் பக்கம் கொண்டு போனா என்ன?

---

கணக்குப்பிள்ளை

இந்த இழையிலேயே உருப்படியான யோசனை பெட்ரோல்காரர்கிட்ட இருந்து வந்திருக்கு.

ஸ்லாட் பத்திரத்தில் இருக்கேன்னு சிலர் சொல்வாங்க. ஸ்டில்ட் பார்க்கிங்கை பில்டர் தனியா விற்க முடியாதுன்னு 2010இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, மகாராஷ்டிரா சட்டத்தை வச்சு வந்த தீர்ப்பு அது. சட்டம் பேச வேண்டாம். ரெண்டு வீட்டுக்காரங்க மனசு ஒத்துப் போனா ஒரு கடிதம் போதும்.

---

மடிப்பாக்கம்வாசி

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

மீட்டர் அறைக்குப் பக்கத்து ஸ்லாட் முதல் மாடித் தாத்தாவோடது. கவர் போட்ட மாருதி 800, நாலு டயரிலும் காத்து இல்லை. அவர் சரின்னுட்டார். பெங்களூரில் இருக்கிற மகன் போனில் "அப்பா, அது நம்ம ராசியான இடம்"னு தடுத்துட்டார். சரி, விட்டுட்டேன்.

லிஃப்ட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற 3வது மாடிக்காரர் தானாவே வந்து கேட்டார். அவருக்கு பின்பக்கம் நிழல் வேணுமாம். மாத்திக்கிட்டோம். இப்ப 62 மீட்டர் இல்லை, 24 மீட்டர். அந்தத் தூரத்துக்கு 4 ஸ்கொயரே தாராளம்னு தெரியும். ஆனாலும் 6 ஸ்கொயர் ஆர்மர்டு (இரும்புக் கவசம் உள்ள) கேபிள் போட்டேன். அடுத்த வண்டி பெருசா வந்தா மறுபடி பீம் ஏற எனக்குத் தெம்பில்லை. அக்கா சொன்ன மாதிரியே ட்ரே போட்டு மினிட்ஸில் எழுதியாச்சு. எர்த் பிட் அசோசியேஷன் செலவில் ரெண்டு புதுசு.

நேத்து ராத்திரி பதினோரு மணிக்குப் பச்சை விளக்கு எரிஞ்சது. அரை மணி நேரம் கழிச்சு இறங்கி வந்து பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புக்கூட இல்லை. திரும்பும்போது வாட்ச்மேன் "சார், எங்க மச்சான் பேட்டரி ஆட்டோ வச்சிருக்கான், ராத்திரி இங்க..."ன்னு ஆரம்பிச்சார். காலையில் பேசலாம்னு ஓடி வந்துட்டேன்.

---

பழைய_காண்ட்ராக்டர்

சந்தோஷம் தம்பி. ஒரு மாசம் கழிச்சு எல்லா ஸ்க்ரூவையும் ஒரு தடவை இறுக்கச் சொல்லுங்க, புதுசில் தளரும். நியூட்ரல் எர்த் இப்ப எவ்வளவு?

---

மடிப்பாக்கம்வாசி

1.2 வோல்ட் சார். வெயில் காலத்தில் பிட்டில் தண்ணி ஊத்தற வேலை வாட்ச்மேனுது. செம்பருத்திக்கு ஊத்தும்போதே அதுக்கும் ஊத்தச் சொல்லியிருக்கேன்.